முப்பது நிமிட இடைவேளையில் ஒரு சாசர் சோறு

எடையைக் குறைக்க வயிற்றில் ‘பேண்ட்’ என்ற வளையம் போடும் அறுவை சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். பினாங்கு பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் ஃபேக்டரியின் கேன்டீன். மணி 12.10. 12.40-க்கு மறுபடியும் ஜம்ப்சூட் மாட்டிக்கொண்டு லைனில் நிற்க வேண்டும். தட்டில் ஒரு கரண்டி வெள்ளைச் சோறு, ஒரு துண்டு கோழி வறுவல், கொஞ்சம் முட்டைக்கோஸ் பிரட்டல். நாலாவது வாய் இறங்கவில்லை. நெஞ்சுக்குழிக்குச் சற்று மேலே யாரோ கல்லை வைத்து அழுத்துவது போல வலி. வாயில் எச்சில் ஊறி, கொழகொழவென்று நுரைத்துக்கொண்டு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மலாய்த் தோழி பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினாள். ஒரு மிடறு குடித்தேன். அதைச் செய்திருக்கவே கூடாது. அடைத்துக்கொண்ட சோற்றுக்கு மேலே தண்ணீரும் தேங்கி நின்றது. கழிவறைச் சுவரில் சாய்ந்து நாற்பது நிமிஷம் நின்றேன். கடைசியில் அந்த நாலு வாயும் நுரையோடு மேலே வந்த பிறகுதான் வலி விட்டது.

சாயங்காலம் வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். அந்த நாலு வாயையும் எத்தனை நேரத்தில் விழுங்கியிருப்பேன்? இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

எனக்கு வேகமாகச் சாப்பிட்டுத்தான் பழக்கம். அம்மா கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போக வேண்டும். அடுப்பங்கரையில் நின்றபடியே பழைய சோற்றை நாலு கவளம் போட்டுக்கொண்டு ஓடுவார். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் எங்களுக்கும் அதுவேதான் பழக்கமானது. அப்புறம் பத்தொன்பது வயதில் நான் ஃபேக்டரிக்கு வந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், முப்பது நிமிஷச் சாப்பாட்டு இடைவேளை. அதில் உடை மாற்ற ஐந்து நிமிஷம், வரிசையில் நிற்க ஏழெட்டு நிமிஷம். மிச்சமிருக்கிற நேரத்தில் ஒரு தட்டுச் சோற்றை முடிக்கத் தெரியாதவர்கள் லைனில் நிலைக்க முடியாது. இருபத்திரண்டு வருஷம் அப்படியே சாப்பிட்டேன். வயிறு நிறைந்தது என்ற செய்தி தலைக்கு எட்டுவதற்குள் இரண்டாவது தட்டும் காலியாகியிருக்கும்.

2012 மார்ச்சில் எனக்கு 41 வயது, 112 கிலோ. உயரம் 158 சென்டிமீட்டர்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு முழங்காலிலும் வலி. டயட் இருந்து பத்துக் கிலோ குறைப்பதும், அடுத்த வருஷம் பன்னிரண்டு கிலோ ஏறுவதுமாக எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அந்தக் காலத்தில் பேண்ட் பரவலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பெரும்பாலும் வயிற்றின் ஒரு பகுதியையே வெட்டியெடுக்கும் ஸ்லீவ் சிகிச்சைதான் நடக்கிறது. பேண்ட் போடுவது ரொம்பவும் குறைந்துவிட்டது. ஆனால் அன்றைக்குப் போட்டுக்கொண்ட எங்களைப் போன்றவர்கள் இன்னமும் அதோடுதான் வாழ்கிறோம். அவர்களுக்காகவும், எந்த அறுவை சிகிச்சை ஆனாலும் சரி, அதற்குப் பிறகு நம் வீட்டுச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுவது என்று தடுமாறுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பேண்ட் என்பது ஒரு சிலிக்கோன் வளையம். வயிற்றின் மேல்பகுதியைச் சுற்றிப் பெல்ட் போலப் போடுகிறார்கள். வளையத்துக்கு மேலே ஒரு சின்னப் பை மாதிரி மிஞ்சும். அதில் ஒரு கோழிமுட்டை அளவுகூடக் கொள்ளாது. வளையத்தின் உட்புறம் பலூன் போல இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்து வைத்திருக்கும் போர்ட் என்ற சின்ன வட்டில் முடியும். அந்தப் போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். அவ்வளவுதான். வயிற்றை வெட்டுவதில்லை, குடலைத் திருப்பிவிடுவதில்லை. சாப்பிட்டது எல்லாமே பழைய பாதையில்தான் போகிறது. இதை நான் சரியாகப் புரிந்துகொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரமும் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த சாப்பாடு. கல்லீரல் சுருங்கினால்தான் அதை ஒதுக்கிவிட்டு வயிற்றின் மேல்பகுதியை எட்ட முடியும் என்றார்கள். அறுவை ஒரு மணி நேரம் போல ஆயிற்று. ஐந்து சின்னத் தழும்பு. வலித்தது என்னவோ தோள்பட்டைதான். வயிற்றுக்குள் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வலி தோளில் தெரியுமாம். நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் போய்விட்டது.

முதல் இரண்டு வாரம் தண்ணீர்போல இருப்பவை மட்டும். ரசத்தை வடிகட்டி, பருப்புத் தண்ணீர், கோழி சூப், சர்க்கரை போடாத பால். அடுத்த இரண்டு வாரம் மசித்தது. அதற்குப் பிறகு மெத்தென்று வேகவைத்தது. அந்த நாட்களில் பசியைவிட வாய்தான் என்னைப் படுத்தியது. மாமியார் மீன் பொரிக்கும் வாசனை வந்தால் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே இறங்கி பிளாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். ஆறாவது வாரம் முதன்முதலாக உப்புநீர் ஏற்றினார்கள். அதற்கடுத்த வாரம்தான் கேன்டீனில் அந்த நாலு வாய்.

அன்றிலிருந்து நான் சாப்பிடும் விதத்தை அடியோடு மாற்ற வேண்டியிருந்தது. டயட்டீஷியன் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது: சின்ன வாய், இருபது தடவை மெல்லுவது, ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவே நிறுத்துவது, இருபது நிமிஷத்தில் முடித்துக்கொள்வது. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் குடிக்கக் கூடாது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மெல்லுங்கள் என்றார். நான் கரண்டியால் சாப்பிடுகிறவள் இல்லை. கையால் சாப்பிட்டால் அவசரம் வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு நேர்மாறாக ஆயிற்று. சோற்றை விரல் நுனியில் பிசையும்போதே எந்தப் பருக்கை கட்டியாக இருக்கிறது, எந்தக் கறித்துண்டில் நார் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வாயில் போடுவேன். கையை மடியில் வைத்துக்கொள்வேன். வாயில் இருப்பது கூழாகிப் போன பிறகுதான் கை மறுபடியும் மேலே வரும். கை மடியில் இருக்கும்வரை அவசரப்பட முடியாது. இன்றுவரை எனக்கு உதவுவது இந்த ஒரு பழக்கம்தான்.

தட்டுக்குப் பதில் காப்பிக் கோப்பையின் சாசரை எடுத்துக்கொண்டேன். பெரிய தட்டில் அந்த அளவுச் சோறு பார்க்கவே பரிதாபமாக இருக்கும், சாசரில் நிறைவாகத் தெரியும்.

ஃபேக்டரியில் தண்ணீர்தான் பெரிய சிக்கல். கிளீன் ரூம் என்ற தூசி புகாத உற்பத்தி அறைக்குள் பாட்டில் கொண்டுபோக முடியாது. இடைவேளையில் தண்ணீர் குடிப்பதா, சாப்பிடுவதா? கடைசியில் இப்படிச் செய்தேன். சாப்பாட்டு இடைவேளை தொடங்கியதும் முதல் ஐந்து நிமிஷம் தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு சாசர். அதன்பின் அடுத்த பதினைந்து நிமிஷ இடைவேளை வரும்வரை தண்ணீர் கிடையாது. வந்ததும் முழு பாட்டில். வரிசையில் நிற்கும் நேரத்தை மிச்சப்படுத்த வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு போனேன். என்னுடைய லைன் லீடரிடம் விஷயத்தைச் சொல்லி, உடை மாற்ற இரண்டு நிமிஷம் முன்னதாக விடச் சொல்லிக் கேட்டேன். விட்டார். வேலை இடத்தில் ஒருவரிடமாவது சொல்லி வைப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். சாப்பாடு அடைத்துக்கொண்டு கழிவறையில் நிற்கும்போது, நாம் எங்கே போனோம், ஏன் போனோம் என்று தெரிந்த ஒருவர் வெளியே இருக்க வேண்டும்.

இனி நம் சாப்பாட்டுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கொடுக்கிற உணவுப் பட்டியல்களில் ரொட்டியும் மசித்த உருளைக்கிழங்கும்தான் இருக்கும். இட்லியைப் பற்றி அதில் யார் எழுதப் போகிறார்கள்? நானாகவே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். ரொட்டி சானாய் (இங்குள்ள பரோட்டா) எனக்கு ஆகவே ஆகாது. எவ்வளவு மென்றாலும் மாவு ஒட்டிக்கொண்டு உருண்டையாகிவிடும். சப்பாத்தியும் அப்படித்தான். மெல்லிசாக மொறுமொறுவென்று வார்த்த தோசை இறங்கும், ஊத்தப்பம் இறங்காது. இட்லி சாம்பாரில் ஊறினால் சரி, புட்டு நெஞ்சை அடைக்கும். வெள்ளைச் சோறு காய்ந்திருந்தால் ஆபத்து, குழம்பில் ஊறியிருந்தால் பரவாயில்லை. நாசி கண்டார் என்ற குழம்புச் சோற்றுக் கடையில் எல்லாக் குழம்பையும் கலந்து வெள்ளமாக ஊற்றச் சொல்வதை இங்கே ‘பாஞ்சிர்’ என்பார்கள். அப்படி ஊற்றி வாங்கினால், பொட்டலத்தில் கால்பங்கு எனக்கு நிம்மதியாக இறங்கியது. மிச்சம் வீட்டுக்காரருக்கு.

கோழியில் நெஞ்சுக்கறி வேண்டவே வேண்டாம், குழம்பில் வெந்த தொடைக்கறி போதும். ஆட்டுக்கறியைக் கொத்துக்கறியாகப் போட்டு குருமா வைத்தால்தான் சரிப்படும். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) எனக்குத் தெய்வம் மாதிரி. முள்ளை எடுத்துவிட்டால் உதிர்ந்துவிடும், விலையும் குறைவு, புரதமும் நிறைய. முழுதாக அவித்த முட்டையின் வெள்ளைக்கரு அடைத்துக்கொண்டது. சீனக் கடையில் செய்வதுபோல் தண்ணீர் கலந்து ஆவியில் வேகவைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். கீரைத்தண்டு, முருங்கைக்காய், அன்னாசி, கொய்யாத் தோல் இவையெல்லாம் நார். விட்டுவிட்டேன். இது என் வயிற்றின் கணக்கு. உங்களுக்கு வேறுமாதிரி இருக்கலாம். புதிதாக ஒன்றைச் சாப்பிட்டுப் பார்ப்பதென்றால் வீட்டில், விடுமுறை நாளில் பாருங்கள். கேன்டீனிலும் கல்யாண வீட்டிலும் வேண்டாம்.

ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான். அதனால் சாசரில் முதலில் கை வைப்பது மீனிலோ பருப்பிலோ தவ்ஹு என்ற சோயாக் கட்டியிலோதான், சோறு கடைசி. நாலாவது மாதம் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோது அழுதுவிட்டேன். எடை வேகமாகக் குறைந்தால் அப்படி ஆகும் என்றார்கள். வைட்டமின் மாத்திரையை ஒழுங்காக எடுத்து, புரதத்தையும் கூட்டிய பிறகு, ஒரு வருஷத்துக்குள் முளைத்துவிட்டது.

சாப்பாடு அடைத்துக்கொள்ளும் பயத்தில் நான் இன்னொரு தப்பும் செய்தேன். எல்லாவற்றையும் கஞ்சியாகவும் சூப்பாகவும் மாற்றினேன். சுலபமாக இறங்கியது. ஆனால் ஒரு மணி நேரத்தில் பசித்தது. கெட்டியான சாப்பாடு மேலே உள்ள பையில் தங்கி மெதுவாக இறங்கினால்தான் நிறைவு இருக்கும். கூழாகக் கரைத்தால் பேண்ட் இருந்தும் இல்லாத மாதிரி. அதைவிட மோசம் இனிப்புப் பானம். ஐந்தாவது மாதம் எடை அப்படியே நின்றுவிட்டது. குடிப்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார் டயட்டீஷியன். எழுதிப் பார்த்தால் காலையில் ஒரு தே தாரிக் (பால் தேநீர்), மத்தியானம் ஒரு மிலோ ஐஸ், ஷிஃப்ட் முடிந்து இன்னொரு தே தாரிக். எல்லாம் கெட்டிப்பால் போட்டவை. எதுவும் வளையத்தில் நிற்கவில்லை. தீபாவளிப் பலகாரமும் அப்படித்தான். முறுக்கு வாயிலேயே பொடிந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். சோறு நாலு வாய்க்கு மேல் போகாத வயிற்றில் முறுக்கு ஒரு டப்பா போகும். அன்றைக்கே தே தாரிக்கை விட்டேன். இப்போது சீனியும் பாலும் இல்லாத தே ஓ.

உப்புநீர் ஏற்றுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி குத்தி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொல்வார்கள். அது இறங்குவதைப் பார்க்காமல் கிளினிக்கைவிட்டுக் கிளம்பாதீர்கள். அன்றும் மறுநாளும் எனக்குத் தண்ணீர் ஆகாரம் மட்டும். மூன்றாவது தடவை ஏற்றியபோது எனக்கு ரொம்ப இறுகிவிட்டது. ராத்திரி படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும், இருமல் தூக்கத்தைக் கெடுக்கும். எடை மளமளவென்று குறைந்துகொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டேன். டாக்டர் கேட்டதும் கோபப்பட்டார். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று அர்த்தமில்லை, நாளடைவில் மேல்பை வீங்கும், பேண்ட் நழுவும் என்று படம் போட்டுக் காட்டினார். கொஞ்சம் நீரை எடுத்துவிட்டார், அன்று ராத்திரியே தூங்கினேன். தண்ணீர்கூட இறங்காமல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வயிற்றில் திடீரென்று கடும் வலி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

மாத்திரை விஷயத்திலும் கவனம் வேண்டும். பெரிய மாத்திரை அடைத்துக்கொள்ளும். அதற்காக எல்லாவற்றையும் பொடித்துவிடவும் கூடாது. மெதுவாகக் கரைவதற்கென்று செய்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நான் பொடித்துக் குடித்துக்கொண்டிருந்தேன். மருந்தாளர்தான் நிறுத்தி, வேறு வகைக்கு மாற்ற டாக்டரிடம் சொல்லச் சொன்னார். சாப்பாடு குறைந்ததும் சர்க்கரையும் இறங்கும், பழைய அளவு மருந்தையே எடுத்தால் மயக்கம் வரலாம். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கண்ட மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும்.

வயிற்றைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. எட்டு மாதம் சொந்தக்காரர்கள் யாரிடமும் சொல்லவில்லை. விருந்துக்குப் போன இடத்தில் இலையில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் சமைத்தவர் முகம் வாடும். "சமையல் பிடிக்கலையா?" என்பார்கள். எடை குறையக் குறைய, சர்க்கரை முற்றிவிட்டது என்றும் வேறு என்னவோ என்றும் பேச்சு. ஒரு கல்யாணத்தில் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அன்றைக்குத்தான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இதை முன்னமே சொல்லியிருந்தா நான் உனக்குத் தனியா ரசம் எடுத்து வச்சிருப்பேனே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எட்டு மாதத்துப் பாரம் இறங்கிவிட்டது. இப்போதெல்லாம் பந்தியில் உட்கார்ந்ததும் பரிமாறுகிற தம்பியிடம் சொல்லிவிடுவேன்: "எனக்கு எல்லாத்துலயும் ஒரு ஸ்பூன் போதும்ப்பா." இலை வீணாகாது, யாருக்கும் மனவருத்தமும் இல்லை.

இரண்டு வருஷத்தில் 81 கிலோவுக்கு வந்தேன். 2014 தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படியையும் ஏறினேன். நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்துதான், ஆனாலும் ஏறினேன். முன்பெல்லாம் கீழே தண்ணீர்ப்பந்தலோடு சரி, அங்கேயே உட்கார்ந்து சாமியைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது ஏழு கிலோ ஏறியது. அதில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது. இப்போது 86. டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்து பேண்ட் நழுவாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். என்றைக்காவது எடுக்க வேண்டி வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். பேண்ட் போட்டுவிட்டு வருஷக்கணக்காக டாக்டர் பக்கமே போகாதவர்கள் இருந்தால், தயவுசெய்து ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காலையில் எனக்குப் பேண்ட் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். வெந்நீர் குடித்து ஒரு மணி நேரம் போனால்தான் எதுவும் இறங்கும். அம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். 78 வயது. பல் போய்விட்டது. முதலில் என்னைப் பார்த்து, "ஏம்மா, கோழி கொத்துற மாதிரி கொத்திக்கிட்டு இருக்க?" என்று கேட்டவர்தான். விடுமுறை நாட்களில் எட்டு மணிக்கு மேல் இரண்டு பேரும் மேசையில் உட்காருவோம். அவருக்கு ஒரு கிண்ணம் ஓட்ஸ், எனக்குச் சாசரில் அரை தோசையும் ஒரு துண்டு மீனும். அவர் ஈறால் மெல்லுவார், நான் கையை மடியில் வைத்துக்கொண்டு மெல்லுவேன். பக்கத்து வீட்டு அக்கா கதவருகே நின்று "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். அவர் காய்கறியோடு திரும்பி வரும்போதும் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்போம்.